வாசல் வரைக்கும் வருகிற வண்டி எது?

போன ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் நான் பனிமலையில் கார் ஓட்டினேன்.

சிரிக்காதீர்கள். வண்டிக்குள் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பத் திருப்ப ஸ்க்ரீனில் படம் மாறும். தார் ரோடு, கல், மணல், சேறு... கடைசியாக ஒரு பனிமலை. நான் பனிமலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தேன். வெளியே, ரெண்டு மழைக்கு நடுவில் வந்து சுள்ளென்று அடிக்குமே, அந்த ஐப்பசி வெயில். பனியைக் காணோம். ஏசியைக் கூட்டி வைத்துச் சரிக்கட்டிக்கொண்டேன்.

"ப்ரோ, அது ஸ்னோ மோட். இங்க யூஸ் ஆகாது" என்றான் பக்கத்தில் இருந்த விக்னேஷ். திருச்சி ஷோரூமிலிருந்து வந்த சேல்ஸ் தம்பி. அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தான்.

"யூஸ் ஆகாததுக்கும் சேர்த்தா காசு வாங்குறீங்க?"

"ஆப்ஷன் ப்ரோ. லைஃப்ல ஆப்ஷன் இருக்கணும்."

என் லைஃபில் எனக்கு இருந்த ஆப்ஷன் ரெண்டு. பத்தாம் வகுப்பை மறுபடியும் எழுதுவது, அல்லது டிரைவிங் லைசென்ஸ் எடுப்பது. ரெண்டாவதில் பாஸ் ஆகிவிட்டேன். வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் ஆக்டிங் டிரைவர். எனக்கென்று கார் கிடையாது. அடுத்தவர் காரில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால்தானோ என்னவோ, ஊரில் யார் கார் வாங்கினாலும் என்னிடம் கேட்கிறார்கள். பல் இல்லாதவனிடம் முறுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பது மாதிரி.

இந்தத் தடவை கேட்டவர் அன்பழகன் அண்ணன்.

அண்ணன் கத்தாரில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு, இனி போவதில்லை என்று வந்துவிட்டவர். அங்கே வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகுமாம். உடம்பு ஊருக்கு வந்துவிட்டது, ஸ்டீயரிங் பிடிக்கும் கை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இங்கே வந்த முதல் வாரத்தில் எதிரே வந்த பஸ் டிரைவர்கள் எல்லோரும் அவருக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். எதுவும் பத்திரிகையில் எழுதுகிற பெயர் இல்லை. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அண்ணன் ஒரு வீடு கட்டியிருக்கிறார். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சுற்றிலும் வயல். அங்கே கத்தாரில் ஒரே ரூமில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு, மேலே படுத்தவன் திரும்பிப் படுத்தால் கீழே படுத்தவன் முழித்துக்கொள்கிற இடத்தில் இருந்தவர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து பில்டிங்கின் ஏசி பெட்டி. 'நான் கட்டுற வீட்டுல எந்த ஜன்னலைத் திறந்தாலும் பயிரு தெரியணும்' என்று சொல்லிச் சொல்லியே கட்டினார். தெரிகிறது. பாத்ரூம் ஜன்னலில்கூடத் தெரிகிறது.

ஒரே ஒரு குறை. வீடு இருக்கிறது, வழி இல்லை.

அதாவது வழி இருக்கிறது. மண் பாதை. அறுவடை நேரத்தில் செயின் மெஷின், அதாவது சங்கிலிச் சக்கரம் வைத்த அறுப்பு மெஷின், அதில்தான் வயலுக்கு இறங்கும். இரும்புச் சங்கிலி உழுது போட்டதில் மழைத் தண்ணீர் நின்றால், அது பாதையா வாய்க்காலா என்று கொக்குக்கே குழப்பம். பாதித் தூரத்தில் மீன் ஏதாவது கிடைக்குமா என்று அதுவும் வந்து நின்று பார்க்கும்.

அண்ணனின் வீட்டம்மா மாலதி அண்ணி, மன்னார்குடியில் ஸ்கூல் டீச்சர். கணக்கு. இப்போது ஸ்கூல் பக்கத்திலேயே வாடகை வீடு. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, பட்டுப் புடவையோடு அந்தப் பாதையில் நடந்தார். வீட்டுக்கு அண்ணி மட்டும்தான் போய்ச் சேர்ந்தார். செருப்பு ரெண்டும் சேற்றிலேயே தங்கிவிட்டன. அன்றைக்கு வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நான் தினமும் இப்படி வந்து போனேன்னா, பிள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் கொடுக்க மாட்டேன். நடவு நடத்தான் சொல்லிக் கொடுப்பேன்."

அதற்குப் பிறகுதான் கார் பேச்சு வந்தது. சின்ன சைஸ், ஆனால் பெரிய கௌரவம் — இப்போது எல்லோரும் ஆசைப்படுகிறார்களே, அந்த லக்சுரி காம்பாக்ட் எஸ்யூவி. ஒரே கம்பெனியில் ரெண்டு மாடல். வெள்ளை வண்டி, தார் ரோட்டுக்கென்றே செய்தது. போகிற சத்தமே கேட்காது. சீட்டுக்குள்ளிருந்து முதுகுக்குக் காற்று வரும். கறுப்பு வண்டி, காடு மேட்டுக்கு. நாலு சக்கரமும் இழுக்கும். முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறும். நான் பனிமலை ஏறியது இதில்தான்.

அண்ணிக்கு வெள்ளை பிடித்துவிட்டது. அண்ணனுக்குக் கறுப்பு. ஒரு வாரம் சண்டை. கடைசியில் அண்ணி கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில் தீர்ப்பு சொன்னார்:

"ரெண்டு வண்டியையும் வரச் சொல்லுங்க. எது அந்த வீட்டு வாசல் வரைக்கும் வருதோ அதையே வாங்குவோம். வாங்கி, அங்கயே குடி போயிடுவோம். எதுவும் வரலைன்னா வீட்டை வித்துட்டு தஞ்சாவூர்ல ஒரு பிளாட் பாருங்க. அப்புறம் ஜன்னல், பயிருன்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. பிளாட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கட்டிலுக்கு மேல் கட்டில் ஞாபகம் வந்திருக்கும்.

"கறுப்பு வந்துரும்டா. வந்துரும்ல?" என்று என்னைக் கேட்டார்.

"வந்துரும்ண்ணே. வந்தது திரும்பிப் போவுமான்னுதான் தெரியல."

இதோ, இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கறுப்பு வண்டியில் நானும் அண்ணனும் முன்னால். பின்னாலேயே வெள்ளை வண்டியை விக்னேஷ் ஓட்டிக்கொண்டு வர, அண்ணி முதுகுக்குக் காற்று வாங்கிக்கொண்டு.

புறப்படும் முன் விக்னேஷ் கறுப்பு வண்டியின் பெருமையை ஒருமுறை ஒப்பித்தான். "சார், செங்குத்தான இறக்கத்துல பிரேக்கே தொட வேணாம். வண்டியே மெதுவா எறங்கிடும்."

அண்ணன் தலையாட்டினார். நான்தான் சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "தம்பி, இங்கேருந்து கோடியக்கரை வரைக்கும் போனாலும் இறக்கம்னா வாய்க்கால் பாலம் ஒண்ணுதான். அதுல பிரேக் போடுறதுக்குள்ள பாலமே முடிஞ்சிருமே?"

"ஊட்டிக்குப் போனா யூஸ் ஆகும் ப்ரோ."

ஊட்டிக்கு ஒருமுறை போவதற்காக வருஷம் முழுக்க அந்த வசதியைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். சரி. புடவைக் கடையில் கூடத்தான் கல்யாணத்துக்கு ஒருநாள் கட்ட வாங்குகிறோம்.

முதலில் தார் ரோடு. அண்ணன் சொன்னார், "இது ஆன்-ரோடு டெஸ்ட், நல்லா கவனி." கவனித்தேன். குறுவை அறுத்து முடிந்திருந்த நேரம். மழைக்கு நடுவே கிடைத்த வெயிலை விடக்கூடாது என்று ஊரே நெல்லை அள்ளிக்கொண்டு வந்து ரோட்டில் பாதியில் காய வைத்திருந்தது. ஓரத்தில் செங்கல் அடுக்கி எல்லை வேறு. நமக்கு இது பழக்கம். பாதி ரோடு அவர்களுக்கு, பாதி ரோடு நமக்கு. எதிரே பஸ் வந்தால் மூன்று பேருக்கும் ஒரு புரிதல் உண்டு.

வண்டிக்கு அந்தப் புரிதல் இல்லை! அது கேமரா வைத்து வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறது. நெல்லுக்கு ஒதுங்கி நான் வலது பக்கம் திருப்பினால், 'கோட்டைத் தாண்டுகிறாய்' என்று கீக் கீக்கென்று கத்திவிட்டு, ஸ்டீயரிங்கை அதுவே இடது பக்கம் இழுக்கிறது. நெல்லின் மேலேயே! ஒரு அம்மா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"டேய்! கண்ணு பொடதிலயா இருக்கு?"

"நான் இல்லம்மா, வண்டிதான் இழுக்குது!"

"குடிச்சிட்டு வந்துட்டு வண்டி மேல பழியைப் போடுறியா?"

அந்த இழுக்கிற விவகாரத்தை அணைத்து வைத்தேன். கொஞ்ச தூரத்தில் வண்டி தானாகவே சடக்கென்று பிரேக் போட்டு நின்றது. முன்னால் ஒரு கோழி, நெல் பொறுக்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் பூரித்துப் போனார். "பாத்தியாடா... கோழியைக்கூட மதிக்குது."

"மதிக்குதுண்ணே. கோழிதான் மதிக்க மாட்டேங்குது." அது நிதானமாகச் சாப்பிட்டு முடித்துத்தான் நகர்ந்தது.

பிறகு அந்தப் பாதை. மெயின் ரோட்டிலிருந்து திரும்புகிற முனையில் வெள்ளை வண்டி நின்றுகொண்டது. முதலில் கறுப்பு போகட்டும், பார்த்துவிட்டு இது வரட்டும் என்று ஏற்பாடு. அண்ணன் பூஜை போடுகிற பக்தியோடு திருகைச் சேற்றுப் படத்தில் வைத்தார். கூலிங் கிளாஸை மாட்டினார். "விடுடா."

விட்டேன்.

போகிறது... போகிறது... போய்க்கொண்டே இருக்கிறது. வழுக்கவில்லை. புதையவில்லை. மேலே பார்த்தால் எங்கும் சேறு. கீழே டயர் மட்டும் நறநறவென்று பல்லைக் கடிக்கிறது. ஆக்டிங் டிரைவருக்கு அறிவு உட்காருகிற இடத்தில் இருக்கிறது என்பார்கள். பார்ப்பது சேறு, உட்கார்ந்த இடத்துக்குத் தெரிவது கிராவல்.

"அண்ணே, சேறு ஏன் சத்தம் போடுது?"

"அது... மட் மோட்ல போட்டா அப்படித்தான்."

"நேத்து சாயங்காலம்கூட நல்ல மழைண்ணே. இவ்ளோ கெட்டியா இருக்கே?"

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுறா."

"அதைத்தாண்ணே பாக்குறேன். போன வாரம் இங்க ரோடே இல்லையே."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பயிர் பார்க்க ஆரம்பித்தார். காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அந்த வீட்டு மாடியில் உட்கார்ந்து டீ குடிக்கப் பிடிக்கும்.

பாதித் தூரம் தாண்டியிருப்போம். பாதையின் நடுவில் செல்வராணி அக்கா நின்றார். பக்கத்து வயல்காரர். தோளில் மண்வெட்டி. வண்டிக்குக் கேமரா தேவைப்படவில்லை. நானே பிரேக் போட்டுவிட்டேன்.

அக்கா கண்ணாடியைத் தட்டினார். அண்ணன் இறக்கினார்.

"வாங்கக்கா... நல்லாருக்கீங்களா?"

"நான் நல்லாருக்கேன் தம்பி. என் நடவுதான் நல்லால்ல. நேத்து பூரா நின்னு டிப்பர் டிப்பரா கிராவலைக் கொட்டி என் வடிகாலை மூடிட்டீங்களே, மேல வயத் தண்ணி எங்க போவும்? உங்க மொட்டை மாடிக்கா?"

"அக்கா, கொஞ்சம் மெதுவா..."

"ஏன் மெதுவா? பச்ச நாத்து தம்பி. நட்டு நாலு நாளு. தலைக்கு மேல தண்ணி நிக்கிது. இன்னைக்கு வடியலன்னா அழுவிப் போயிரும்!"

"அக்கா, சாயங்காலம் வந்து பேசிக்கலாம். இப்ப மாலதி..."

"கொட்டுனதோட வுட்டீங்களா? அது மேல சேத்தை வேற அள்ளி அள்ளிப் பூசுனீங்க. நானும் எத்தனையோ வெவசாயம் பாத்துருக்கேன். ரோட்டுல சேறு போடுறதை உங்ககிட்டத்தான் பாத்தேன்."

நான் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு இடமில்லை. ஊரில் சேற்றின் மேல் கிராவல் கொட்டுவார்கள். கிராவலின் மேல் சேறு பூசி, அதில் ஒரு காரை வீரன் மாதிரி ஓட்டிக் காட்ட நினைத்த ஒரே மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கா பூசுனது?"

அண்ணியின் குரல். கறுப்பு வண்டி பாதியில் நின்றதைப் பார்த்து நடந்தே வந்துவிட்டார். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பியவர், தூக்கத் தேவையில்லை என்று வழியிலேயே கண்டுபிடித்துவிட்டார் போல. கொசுவம் தரையில், செருப்பு காலில். பின்னாலேயே விக்னேஷ், ஷூவைப் பார்த்துப் பார்த்து.

"உங்க வூட்டுக்காரருதாம்மா" என்றார் அக்கா.

அண்ணி செருப்பு நுனியால் சேற்றை மெல்லச் சுரண்டினார். உள்ளே சிவப்பாகக் கிராவல் எட்டிப் பார்த்தது. பரீட்சையில் பிட் பிடிக்கிற நிதானத்தோடு நிமிர்ந்தார்.

"என்னங்க இது?"

"அது... வண்டிக்கு ஒரு சப்போர்ட்டா..."

"அப்ப இந்த டெஸ்ட் செல்லாது."

அண்ணன் வண்டியை விட்டு இறங்கினார். கூலிங் கிளாஸைக் கழற்றினார். பெரிதாக ஏதோ பொய் சொல்லப் போகிறார் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன்.

"எனக்கு கறுப்பு மேலயும் நம்பிக்கை இல்ல மாலதி" என்றார். "பாதியில நின்னுச்சுன்னா வீடு போயிரும்ல... பயந்துட்டேன்."

எனக்குக்கூடக் கிண்டல் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்வராணி அக்காதான் குறுக்கே வந்தார். "புருஷன் பொண்டாட்டி கதையை அப்புறம் பேசுங்க. என் தண்ணிக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்ல, நான் ரோட்டை வெட்டிடுவேன்."

அண்ணி மண்வெட்டியைப் பார்த்தார். அந்தப் பக்கம் மூழ்கிக் கிடந்த நாற்றைப் பார்த்தார். "அக்கா சொல்றதுதான் மொதல்ல" என்றார். "வெட்டி தண்ணிய விடுங்க. கீழே குழாய் பதிச்சு மேல மூடிக்கலாம். வீடு கட்டுனப்ப மிஞ்சுன சிமெண்ட் குழாய் கொல்லைல கெடக்குல்ல?"

கிடந்தது. அதற்கப்புறம் அங்கே ஆன்-ரோடும் இல்லை, ஆஃப்-ரோடும் இல்லை, எல்லோரும் ரோட்டுக்குள்ளே. அண்ணன் வெட்டினார். அவர் கொட்டிய கிராவலை அவரே வாரி வெளியே போட்டார். நானும் விக்னேஷும் குழாயை உருட்டிக்கொண்டு வந்தோம். அவன் டை நுனியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான். "ஜாப் டிஸ்கிரிப்ஷன்ல இது இல்ல ப்ரோ" என்று ஒருமுறை முனகினான்.

"ஆப்ஷன் தம்பி. லைஃப்ல ஆப்ஷன் இருக்கணும்."

குழாய் சரியாக உட்காரவில்லை, சாய்வு போதவில்லை என்று அக்கா ரெண்டு தடவை எடுத்துப் பதிக்க வைத்தார். மூன்றாவது தடவை தண்ணீர் குபுகுபுவென்று அந்தப் பக்கம் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்றின் நுனி வெளியே தலை நீட்டியது. அக்காவின் முகமும் அப்போதுதான் தெளிந்தது.

"ம்... இப்ப மூடுங்க. மேல யானையே போவலாம்."

யானைக்கு முன்னால் கறுப்பு வண்டி போனது. நேராக வீட்டு வாசல். அண்ணன் இறங்கிப் போர்டிகோவில் நின்று, கோப்பை வாங்கியவர் மாதிரி கை காட்டினார். சட்டையெல்லாம் சேறு. அது நிஜச் சேறு.

திரும்பிப் பார்த்தால் வெள்ளை வண்டி வந்துகொண்டிருந்தது. ஓட்டுவது அண்ணி! பக்கத்தில் விக்னேஷ் டேஷ்போர்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கெஞ்சுவது கண்ணாடிக்கு வெளியே கேட்டது.

"மேடம், இது ஆன்-ரோடு வண்டி மேடம்... ஷோரூம்ல என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க மேடம்..."

"இதுவும் ரோடுதானே தம்பி?"

வண்டி குலுங்கவில்லை. குழாய் பதித்த இடத்தில் மட்டும் லேசாக ஒரு தலையசைப்பு. கறுப்பு வண்டிக்குப் பக்கத்தில், கோடு போட்ட மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கினார். செருப்போடு படியேறி, ஹால் ஜன்னலைத் திறந்தார். பயிர் தெரிந்தது. அடுத்த ஜன்னலையும் திறந்தார். அதிலும் தெரிந்தது.

"தை மாசம் குடி வந்துடலாம்" என்றார்.

அண்ணன் குதித்தே விட்டார். "நெஜமாவா? அப்ப கறுப்பை புக் பண்ணிடவா?"

"எதுக்கு?"

"எதுக்கா? அதானே வாசல் வரைக்கும் வந்துச்சு!"

"வெள்ளையும்தான் வந்துருக்கு. ரெண்டும் வந்தா எதை வாங்குறதுன்னு நாம பேசலையே... அதனால ஓட்டுறவ எதைச் சொல்றாளோ அது" என்று சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "இவ்ளோ நல்லா ரோடு போட்டு வச்சிட்டு, அதுல ஓட்ட காட்டு வண்டி வேணுமாங்க?"

விக்னேஷ் என் காதில் கிசுகிசுத்தான். "ப்ரோ, கறுப்புலதான் எனக்கு இன்சென்டிவ் ஜாஸ்தி. ஏதாவது சொல்லுங்க ப்ரோ."

"நான் என்ன சொல்றது? போய் பனி பெய்ய வை."

இப்போது நீங்கள் கேட்பது தெரிகிறது. எல்லாம் சரி, கடைசியில் நாங்கள் எதை வாங்குவது? ஆன்-ரோடா, ஆஃப்-ரோடா?

நான் பார்த்தவரை, காட்டு வண்டி வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காட்டுக்குப் போவதில்லை. வீட்டு வாசலில் இருக்கிற ஒரு குழிக்குப் பயந்து வாங்குகிறார்கள். பட்டுக்கோட்டையில் ஒருத்தர் மலையேறுகிற வண்டி வாங்கி, தென்னந்தோப்பு நிழலில் நிறுத்தி, தேங்காய் விழுமோ என்று மேலே பார்த்துக்கொண்டே இருக்கிறார். குழியை மூட ஒரு டிப்பர் மண் போதும். ஆனால் டிப்பர் மண்ணுக்குச் சன்ரூஃப் இல்லையே! அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்ப முடியாதே! என்ன செய்வது, எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் அதை யாரும் 'ஸ்டேட்டஸ்' வைக்கமாட்டேன் என்கிறார்கள்.

அதனால் என்னைக் கேட்டால் இதுதான். முதலில் வழியைப் போடுங்கள். தண்ணீருக்கும் சேர்த்து. அதற்கப்புறம் எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.

அண்ணனுக்கு மட்டும் கறுப்பு வண்டி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தினமும் காலையில் அந்த மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்க்கிறார் — ஒரே ஒரு பெரிய மழை வந்து பாதையை அடித்துக்கொண்டு போகாதா என்று. மழையும் நன்றாகத்தான் பெய்கிறது...

குழாயைத்தான் கொஞ்சம் சரியாகப் பதித்துத் தொலைத்துவிட்டார்.